அவிஞ்ஞோனுக்கு இரண்டு டிக்கெட்

நம் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவர்களுக்கு அவிஞ்ஞோன் என்ற ஊர் முதலில் ஒரு குழந்தைப் பாட்டாகத்தான் அறிமுகம் ஆகியிருக்கும். பாலத்தின் மேல் வட்டமாக நின்று ஆடுகிற பாட்டு. அர்த்தம் புரியாமலே பாடினோம். அந்தப் பாலம் ரோன் நதியில் பாதியோடு நிற்கிறது, வெள்ளத்தில் போனது போக நான்கு வளைவுகள்தான் மிச்சம் என்பதெல்லாம் பிறகு தெரிந்த சங்கதி. பெரிய வகுப்புக்குப் போனதும் அதே ஊர் சரித்திரப் பாடத்தில் வந்தது. 1309 முதல் 1377 வரை ஏழு பாப்பரசர்கள் ரோமாபுரிக்குப் பதிலாக இங்கே குடியிருந்தார்கள். அவர்கள் கட்டிய அரண்மனை இன்றும் கோட்டை மாதிரி நிற்கிறது.

ஆனால் இன்றைக்குப் பிரான்சில் யாரிடமாவது அவிஞ்ஞோன் என்று சொன்னால் அவர்களுக்கு முதலில் ஞாபகம் வருவது பாலமும் இல்லை, பாப்பரசரும் இல்லை. ஜூலை மாத நாடக விழாதான்.

இந்த விழாவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் இயக்குநர்களைப் பற்றியும் நடிகர்களைப் பற்றியும் எழுதுகிறார்கள். நான் எழுத நினைப்பது பார்க்க வருகிறவர்களைப் பற்றி. சனிக்கிழமை ரயிலில் வந்து இறங்கி, இரண்டு இரவு நாடகம் பார்த்துவிட்டு, மறுபடி வேலைக்குத் திரும்புகிற சாதாரணக் கணவன் மனைவி. அவர்களை மனத்தில் வைத்துத்தான் இதைத் தொடங்கியவர் ஒவ்வொன்றையும் யோசித்துச் செய்தார். அவர்கள் வருஷா வருஷம் திரும்பி வந்ததால்தான் விழாவும் எழுபது வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

தொடங்கியவர் பெயர் ழான் விலார். 1912-இல் தென்பிரான்சில் சேத் என்ற துறைமுக ஊரில் பிறந்தவர். அப்பா அம்மா ஊசி, நூல், பித்தான் விற்கிற சின்னக் கடை வைத்திருந்தார்கள். பாரீசுக்குப் போய் நாடகம் கற்றுக்கொண்டு, மெல்ல மெல்லப் பெயர் எடுத்தார்.

1947-இல் கவிஞர் ரெனே ஷாரும், கலை விமர்சகர் கிறிஸ்தியான் செர்வோசும் அவிஞ்ஞோன் அரண்மனையின் பெரிய கோவில் மண்டபத்தில் நவீன ஓவியக் கண்காட்சி ஒன்று ஏற்பாடு செய்தார்கள். கூடவே ஒரு நாடகமும் இருந்தால் நன்றாக இருக்கும் என்று விலாரைக் கேட்டார்கள். அவர் ஏற்கெனவே பாரீசில் நடித்து வெற்றி கண்ட நாடகத்தை அரண்மனையின் பெரிய முற்றத்தில் போட வேண்டும் என்பது யோசனை. விலார் முதலில் மறுத்துவிட்டார். முற்றம் ரொம்பப் பெரிசு, அதற்கு ஒரு வடிவமே இல்லை என்றார். பிறகு அவரே திரும்பி வந்து, ஒன்று இல்லை, மூன்று நாடகம் போடுகிறேன், மூன்றும் புதிசு என்றார். அப்போது பிரான்சில் அதிகம் பேர் அறியாத ஷேக்ஸ்பியரின் 'இரண்டாம் ரிச்சர்ட்', போல் குளோதெல் எழுதிய ஒன்று, மொரீஸ் கிளவெல் என்ற இளைஞர் எழுதிய ஒன்று.

அந்தக் காலத்தை நினைத்துப் பாருங்கள். யுத்தம் முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. 1944 மே மாதம் நடந்த விமானக் குண்டுவீச்சில் அவிஞ்ஞோனிலேயே நூற்றுக்கணக்கானவர்கள் செத்திருந்தார்கள். ரொட்டிக்கு இன்னும் ரேஷன் இருந்த வருஷம். அந்த நிலையில் ஊர் மேயர் ழோர்ழ் போன்ஸ் நகராட்சிப் பணத்தில் இருந்து நாடகத்துக்கு உதவி செய்தார். மேடை கட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? அந்த ஊரில் முகாம் போட்டிருந்த ராணுவப் பொறியியல் படைச் சிப்பாய்கள். பலகையும் மரக்கட்டைகளும் கொண்டுவந்து அவர்கள்தான் அடுக்கினார்கள்.

1947 செப்டம்பர் 4 முதல் 10 வரை நடந்த இந்த ஏற்பாட்டுக்கு அப்போது 'விழா' என்ற பெயர்கூடக் கிடையாது. 'கலை வாரம்' என்றுதான் போட்டார்கள். விலாரே ரிச்சர்ட் மன்னராக நடித்தார். பின்னாளில் சினிமாவில் பெரிய புகழ் பெற்ற ழான் மொரோ 19 வயதுப் பெண்ணாக அந்தக் குழுவில் இருந்தார். எல்லாம் சேர்த்து வந்தவர்கள் 4,800 பேர். அதில் காசு கொடுத்து வந்தவர்கள் 2,900 பேர்தான். இன்றைய கணக்கில் இது நஷ்டம். ஆனால் விலார் அடுத்த வருஷமும் வந்தார். ஒரே ஒரு முக்கிய மாற்றம் செய்தார்: செப்டம்பரை விட்டு ஜூலைக்கு மாற்றினார்.

இந்த மாற்றத்தில்தான் விஷயம் இருக்கிறது. பிரான்சில் 1936-இல் மக்கள் முன்னணி அரசாங்கம் வாரத்துக்கு 40 மணி நேர வேலை என்றும், வருஷத்துக்குச் சம்பளத்தோடு இரண்டு வாரம் விடுமுறை என்றும் சட்டம் போட்டது. 1956-இல் அது மூன்று வாரமானது. அதுவரை விடுமுறை என்றால் பணக்காரர்கள் சமாச்சாரம். சட்டம் வந்த பிறகு தொழிற்சாலை ஆள், தபால்காரர், பள்ளி ஆசிரியர் எல்லாரும் கோடையில் தெற்கே கடற்கரையைப் பார்த்துக் கிளம்பினார்கள். பாரீசிலிருந்து மர்செய் போகிற ரயில் பாதை அவிஞ்ஞோன் வழியாகத்தான் போகிறது. ஜூலையில், வழியில் இருக்கிற ஊரில் விழா வைத்தால் அவர்கள் இறங்குவார்கள். பார்வையாளனை எங்கே, எப்போது பிடிப்பது என்பதை விலார் நன்றாக அறிந்திருந்தார்.

1951-இல் ழெரார் பிலிப் வந்து சேர்ந்தார். அந்தக் காலத்துப் பிரெஞ்சு சினிமாவில் அவருக்கு இருந்த செல்வாக்கு நம் ஊரில் பெரிய கதாநாயகர்களுக்கு இருந்த மாதிரி. அவர் சினிமாப் பணத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, விலாரின் குழுவில் எல்லாரையும் போல ஒரு நடிகராகச் சேர்ந்தார். கொர்னெய் எழுதிய 'லெ சித்' நாடகத்தில் ரொத்ரிக் வேடம். நாமெல்லாம் வகுப்பில் மனப்பாடம் செய்து, நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் பிரம்படி வாங்கிய அதே 'லெ சித்'. 1637-இல் எழுதிய நாடகம், பள்ளிப் புத்தகத்தில் உறைந்து கிடந்தது. அந்த ஜூலை இரவில் முற்றத்தில் அது உயிரோடு எழுந்து நின்றது என்று பார்த்தவர்கள் எழுதினார்கள். பிலிப் 1959-இல் 36 வயதிலேயே புற்றுநோயில் இறந்துபோனார். அந்த ரொத்ரிக் உடையிலேயே அவரை அடக்கம் செய்தார்கள்.

அதே 1951-இல் அரசாங்கம் விலாரைப் பாரீசில் தேசிய மக்கள் நாடக அரங்கத்துக்கு இயக்குநராக நியமித்தது. ஷயோ மாளிகையில் இரண்டாயிரத்து ஐந்நூறு பேருக்கு மேல் உட்காரும் பெரிய அரங்கம். ஆனால் பதவி ஏற்ற நேரத்தில் அந்தக் கட்டடம் அவருக்குக் கிடைக்கவில்லை. ஐக்கிய நாடுகள் சபையின் பொதுக்கூட்டம் அங்கே நடந்துகொண்டிருந்தது. சரி, மக்கள் அரங்கத்துக்கு வர முடியாவிட்டால் அரங்கம் மக்களிடம் போகட்டும் என்று பாரீசுக்குப் பக்கத்தில் தொழிலாளர்கள் வாழ்கிற சுய்ரேன் என்ற புறநகருக்குப் போனார்.

1951 நவம்பர் 17, சனிக்கிழமை. அங்கே விலார் நடத்தியதற்குப் பெயர் 'சின்ன விழா'. சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் சேர்த்து ஒரே டிக்கெட். அதற்குள் இரண்டு நாடகம், ஒரு இசைக் கச்சேரி, நடிகர்களோடு உட்கார்ந்து பேச ஒரு நேரம், சாப்பாடு, கடைசியில் எல்லாரும் சேர்ந்து ஆடுகிற நடனம். நாடகங்கள் 'லெ சித்'தும், பிரெக்ட் எழுதிய 'தாய் கரேஜ்'உம். யுத்தம் முடிந்த ஆறாம் வருஷத்தில் ஒரு ஜெர்மானியர் எழுதிய நாடகத்தைப் பிரெஞ்சுத் தொழிலாளர்கள் முன்னால் போடத் துணிச்சல் வேண்டும்.

கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு சனி ஞாயிறை நாடகத்துக்கு என்று ஒதுக்கி வைப்பது பணக்காரர் பழக்கமாக இருந்த காலம் போய், சம்பளக்காரர் பழக்கமாக மாறத் தொடங்கியது இந்த மாதிரி ஏற்பாடுகளால்தான்.

பிறகு ஷயோவில் அவர் செய்த மாற்றங்களைக் கேளுங்கள். பாரீசில் நாடகங்கள் ராத்திரி 9 மணிவாக்கில்தான் தொடங்கும். விலார் 8 மணிக்குக் கொண்டுவந்தார், மறுநாள் வேலைக்குப் போகிறவன் கடைசி மெட்ரோவைப் பிடிக்க வேண்டுமே என்று. வேலையிலிருந்து நேரே வருகிறவர்களுக்காக அரங்கத்திலேயே மலிவு விலையில் சாப்பாடு வைத்தார். இடம் காட்டுகிற பெண்ணுக்குக் காசு கொடுக்கும் பழக்கத்தை எடுத்துவிட்டார். கோட்டைக் கழற்றி வைக்கக் கட்டணம் இல்லை. நாடகம் முழுவதையும் அச்சடித்துச் சல்லிசான விலைக்கு விற்றார். பார்வையாளர்களிடம் கேள்வித்தாள் கொடுத்துக் கருத்துக் கேட்டார். 1963-இல் அவர் அங்கிருந்து விலகும்போது, பன்னிரண்டு வருஷத்தில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வந்துபோயிருந்தார்கள்.

இதற்கெல்லாம் அடியில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. நாடகம் என்பது தண்ணீர், மின்சாரம், காஸ் மாதிரி ஒரு பொதுச் சேவை என்பார். வருஷக்கணக்கில் அரசாங்க அலுவலகத்தில் கோப்பு புரட்டியவன் என்பதால் இந்த ஒப்புமை எனக்கு ரொம்பப் பிடிக்கும். குழாயில் தண்ணீர் வருகிறது என்றால் அது தானமும் இல்லை, வியாபாரமும் இல்லை. வரி கட்டுகிறவனுக்கு உரியது, அவ்வளவுதான். ஆனால் குழாய் போட்டால் போதாது. தெருக்கோடி வீட்டுக்கும் தண்ணீர் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். 8 மணிக்குத் தொடங்குவதும், காசு பிடுங்காமல் இருப்பதும் அந்தக் கடைசி வீட்டுக் குழாய்தான்.

இத்தனை செய்த மனிதருக்கு 1968-இல் என்ன நடந்தது? மே மாதக் கிளர்ச்சி முடிந்த கையோடு வந்த விழா. நாடே வேலைநிறுத்தத்தில் இருந்ததால் பிரெஞ்சு நாடகங்கள் தயாராகவில்லை. பெழாரின் நடனக் குழுவும், அமெரிக்காவின் லிவிங் தியேட்டர் குழுவும்தான் இருந்தன. அந்த அமெரிக்கக் குழு தெருவில் இலவசமாக ஆடுவோம் என்றது. நகராட்சி ஒப்புக்கொள்ளவில்லை. அவர்கள் விலகிப் போனார்கள். இன்னொரு சின்னக் குழுவின் நாடகத்தை அரசு அதிகாரி தடை செய்தார். இளைஞர்கள் வீதியில் கூடி, விலார், பெழார், சலசார் என்று எதுகையாகக் கோஷம் போட்டார்கள். சலசார் போர்ச்சுகல் நாட்டுச் சர்வாதிகாரி. கூலிக்காரனுக்காகக் கதவைத் திறந்தவரைச் சர்வாதிகாரி பக்கத்தில் நிறுத்திவிட்டார்கள். அந்த வருஷக் கடைசிக்குள் அவருக்கு மாரடைப்பு வந்தது. 1971 மே 28-இல் சொந்த ஊரில் காலமானார். அங்கே கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். விழாவோ மறு வருஷமும் நடந்தது, அதற்கு மறு வருஷமும் நடந்தது.

இனி என் சொந்தத்திலேயே ஒரு தம்பதியைச் சொல்கிறேன். என் மனைவியின் தங்கையும் அவர் வீட்டுக்காரரும் துலோனில் இருக்கிறார்கள். சகலை பிரெஞ்சு ராணுவத்தில் சொல்தாவாக இருந்து பென்ஷன் வாங்கியவர். மைத்துனி பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் வேலை பார்த்தவர். 1980-இல் தொடங்கி ஜூலை மாதத்தில் ஒரு சனி ஞாயிறு அவிஞ்ஞோன் போவது அவர்கள் வழக்கம். காலையில் ரயில், சின்ன ஓட்டலில் ஒரு அறை, கையில் ஒரு போர்வை. முதல் மேடையைக் கட்டியது ராணுவம் என்பதில் சகலைக்குத் தனிப் பெருமை. நாடக விழாவுக்கே நாங்கள்தான் அஸ்திவாரம் என்பார்.

போர்வை எதற்கு என்று கேட்பீர்கள். பகலில் வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால் அங்கே ஜூலையில் பொழுது சாய ஒன்பதரை ஆகிவிடும். முற்றத்தில் நாடகம் தொடங்க 10 மணி. மிஸ்திரால் என்று ஒரு வடகாற்று உண்டு. அது அடித்தால் நடுராத்திரியில் பல் கிடுகிடுக்கும். நடிகர்களின் உடையே பறக்கும். தொடங்கும் முன் எக்காள ஓசை ஒன்று முழங்கும். அதை மொரீஸ் ழார் 1952-இல் விலாரின் நாடகம் ஒன்றுக்காக அமைத்தார். பின்னாளில் 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா', 'எ பாஸேஜ் டு இந்தியா' படங்களுக்கு இசையமைத்து ஆஸ்கார் வாங்கியவர் அவர்தான். அதைக் கேட்டதும் சுமார் இரண்டாயிரம் பேர் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்துவார்கள் என்று மைத்துனி சொல்வார்.

அவர்கள் பார்த்ததிலேயே அதிகம் பேசுவது 1985-இல் பார்த்ததைப் பற்றி. அந்த வருஷம் பீட்டர் புரூக் மகாபாரதத்தை நாடகமாக்கிக் கொண்டுவந்தார். பிரெஞ்சில் எழுதியவர் ழான்-குளோத் கரியேர். அரண்மனையில் இல்லை, ஊருக்கு வெளியே புல்போன் என்ற இடத்தில், கல் வெட்டி எடுத்த பழைய பள்ளத்தில். சுமார் ஒன்பது மணி நேரம். மூன்று நாளாகப் பிரித்தும் பார்க்கலாம், ஒரே இரவில் விடிய விடியவும் பார்க்கலாம். பல நாட்டு நடிகர்கள் நடுவே திரௌபதியாக நம் நாட்டு மல்லிகா சாராபாய். ஒரு வெள்ளைக்காரர் நம் இதிகாசத்தைச் சுருக்கித் தன் இஷ்டத்துக்கு மாற்றிவிட்டார் என்று இந்தியாவில் சிலர் கண்டித்து எழுதினார்கள். அந்த வாதத்திலும் நியாயம் உண்டு.

மைத்துனி பாகூர்ப் பக்கத்துக் கிராமத்தில் வளர்ந்தவர். திரௌபதி அம்மன் கோவில் திருவிழாவில் பாரதம் படிப்பதும், ராத்திரி முழுக்கக் கூத்து நடப்பதும், விடிந்ததும் மண்ணால் செய்த துரியோதனனைப் படுக்க வைத்துப் படுகளம் நடப்பதும் அவருக்குப் பழக்கம். கல்பள்ளத்தில் வெள்ளைக்காரர்கள் விடிய விடிய நாடகமா என்று அதிசயப்பட்டு உட்கார்ந்திருக்க, இவருக்கு அது ஊர்த் திருவிழா மாதிரிதான் இருந்ததாம். "வெளுத்ததும் எழுந்து பாயைச் சுருட்டத் தேடினேன் அத்தான்" என்று என்னிடம் சொன்னார்.

2003-இல் வந்த சோதனை வேறு மாதிரி. பிரான்சில் நாடகக்காரர்களுக்கு, வேலை இல்லாத மாதங்களில் உதவித்தொகை கிடைக்க ஒரு ஏற்பாடு உண்டு. 12 மாதத்தில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால் அந்தத் தொகைக்குத் தகுதி. 2003-இல் அந்த 12 மாதத்தை நடிகர்களுக்குப் பத்தரை மாதமாகவும், தொழில்நுட்பக்காரர்களுக்குப் பத்து மாதமாகவும் குறைத்தார்கள். உதவி கிடைக்கும் காலத்தையும் 12 மாதத்திலிருந்து 8 மாதமாக வெட்டினார்கள். நாடகக்காரர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஜூலை 10-ஆம் தேதி விழா ரத்து என்று அறிவிப்பு வந்தது. விலார் தொடங்கிய நாளிலிருந்து அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

12-ஆம் தேதி சனிக்கிழமைக்கு இவர்கள் டிக்கெட் வாங்கி, ஓட்டலுக்கும் பணம் கட்டியிருந்தார்கள். ஓட்டல் பணம் வீணாகப் போவானேன் என்று கிளம்பிப் போனார்கள். சுவரெல்லாம் நாடகச் சுவரொட்டி. மேல் ஒட்டாக வேலைநிறுத்தச் சுவரொட்டி. சில சின்னக் குழுக்கள் ஆடின, சில ஆடவில்லை. சகலைக்கு ஒரே கோபம். "இவங்க சண்டை அரசாங்கத்தோட. டிக்கெட் வாங்கினவன் என்ன பாவம் செஞ்சான்?" என்றாராம். மைத்துனி விடவில்லை. "கோடையிலே ஆடறாங்க, சரிங்க. மத்த மாசம் அவங்க வீட்டு அடுப்பு எரியணுமா வேணாமா? எங்க ஊர் கூத்துக்காரரு மழைக்காலத்துலே கொல்லு வேலைக்குப் போவாரு, நான் பார்த்திருக்கேன்" என்றாராம். அந்த இரண்டு நாளும் இதே வாக்குவாதம். இன்று வரை தீரவில்லை.

எனக்கு இரண்டும் சரியாகவே படுகிறது. பொதுச் சேவை என்று சொன்னால் அதில் இரண்டு பக்கம் உண்டு. குழாயைத் திறக்கிறவனுக்குத் தண்ணீர் வர வேண்டும். குழாயைப் பராமரிக்கிறவனுக்கும் சம்பளம் வர வேண்டும். விலார் முதல் பக்கத்தை ஒழுங்கு செய்தார். இரண்டாம் பக்கத்துக்கு இன்னும் போராடிக்கொண்டிருக்கிறார்கள். 2020-இல் கொரோனாவால் மறுபடி ஒருமுறை விழா நின்றது. 2021-இல் கூட்டம் திரும்பி வந்தது.

இன்று விழா இரண்டு பங்காக நடக்கிறது. நகராட்சியும் அரசாங்கமும் உதவி செய்து நடத்துகிற முக்கிய விழா ஒன்று. 'ஓஃப்' என்று சொல்லப்படுகிற வெளி விழா ஒன்று. 1966-இல் ஆந்த்ரே பெனெதெத்தோ என்ற உள்ளூர் நாடகக்காரர் யாரும் அழைக்காமலே தன் சொந்த இடத்தில் நாடகம் போட்டதில் ஆரம்பித்தது அது. இன்றைக்கு ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாடகங்கள் அதில் நடக்கின்றன. குழுக்கள் தங்கள் கைக்காசைப் போட்டு இடம் வாடகைக்கு எடுக்கின்றன. காலை பத்து மணிக்கே தெருவில் வேஷத்தோடு நின்று துண்டுச் சீட்டுக் கொடுத்து வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிடுகிறார்கள். போட்ட பணம் கைக்கு வராமல் திரும்பும் குழுக்களும் உண்டு.

சகலைக்கும் மைத்துனிக்கும் இப்போது எழுபது தாண்டிவிட்டது. முற்றத்து நாற்காலியில் நடுராத்திரி வரை உட்கார முதுகு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே ராத்திரிக்கு ஒரு நாடகம், பகலில் வெளி விழாவில் குளிர்சாதன வசதி உள்ள சின்ன அரங்கில் ஒரு நாடகம், அதோடு சரி.

நம் வாசகர்களில் பலருக்குப் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். ஜூலையில் அவர்களைப் பார்க்கப் போகிறவர்கள் ஈஃபில் கோபுரத்தோடு திரும்பிவிடாமல், ஒரு சனி ஞாயிறு அவிஞ்ஞோன் போய்வாருங்கள். பாரீசிலிருந்து அதிவேக ரயிலில் மூன்று மணிக்குள் போய்விடலாம். அறைக்கும் டிக்கெட்டுக்கும் மாதக்கணக்கில் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும், கடைசி நேரத்தில் கிடைக்காது. நாம் படித்த பிரெஞ்சு போதுமா என்று தயங்க வேண்டாம். 'லெ சித்'தை மனப்பாடம் செய்தவர்கள் நாம். வீட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போங்கள். போர்வையை மறக்காதீர்கள்.